ஃப்ளெக்ஸ் பிரிண்டருக்கு இங்க் வாங்கும் முன்: முதலில் ஹெட்டைப் பாருங்கள்

ஃப்ளெக்ஸ் மெஷின் வைத்திருப்பவர் இங்க் வாங்கப் போனால் முதலில் மெஷின் கம்பெனியின் பெயரைச் சொல்கிறார். அடுத்து, லிட்டர் என்ன விலை என்று கேட்கிறார். இரண்டும் தேவையான பேச்சுதான். ஆனால் அந்த இங்க் தன் மெஷினுக்குப் பொருந்துமா என்பது இந்த இரண்டாலும் தெரியவராது. ஒரே கம்பெனி ஒரு மெஷினை கோனிகா ஹெட்டோடும் (ஹெட் என்பது இங்க்கைத் துளித்துளியாகத் தள்ளும் பாகம்), அதே உருவத்தில் இன்னொன்றை எப்சன் ஹெட்டோடும் விற்பதுண்டு. வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஒன்றில் ஊற்றும் இங்க்கை மற்றதில் ஊற்றினால் ஹெட்டே போய்விடக்கூடும்.

எங்கள் பக்கம் இந்த விஷயம் இன்னும் கூடுதலாகக் கடிக்கும். ஓசூர், கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பாலக்கோடு, தருமபுரி, அரூர் என்று எல்லா ஊரிலும் பிரிண்டிங் கடைகள் இருக்கின்றன. இங்க் பெரும்பாலும் பெங்களூரு, சென்னை, சேலத்திலிருந்து பார்சலில் வருகிறது. விற்றவர் ஒரு ஊரில், மெஷினைப் பழுது பார்ப்பவர் வேறொரு ஊரில். மாங்காய் சீசனும் கோயில் திருவிழாவும் கல்யாண முகூர்த்தமும் சேர்ந்து வரும் நாட்களில் ஹெட் அடைத்துக்கொண்டால், இன்ஜினியர் வந்து சேரும்வரை ஆர்டர் எல்லாம் பக்கத்து ஊருக்குப் போய்விடும். ஆகவே இங்க்கைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம் அது தீர்ந்த பிறகு இல்லை. கையிருப்பு இருக்கும்போதே யோசித்துவிட வேண்டும்.

ஹெட்டிலிருந்து தொடங்குவோம். இங்க்ஜெட் ஹெட்டில் அடிப்படையாக இரண்டு வகை. ஒன்று சூட்டினால் வேலை செய்வது. நாசிலுக்குள், அதாவது இங்க் வெளிவரும் நுண்துளைக்குள், இருக்கும் சின்ன ஹீட்டர் மைக்ரோ நொடிகளில் இங்க்கைச் சுமார் 300 டிகிரிக்குச் சூடாக்கும். ஒரு குமிழ் எழும். அது துளியை வெளியே தள்ளும். ஹெச்பி, கேனன் கம்பெனிகளின் பிளாட்டர்கள் (அகலத் தாளில் வரைபடம் அடிக்கும் மெஷின்கள்) இந்த வகை. இவற்றுக்கு நீர் கலந்த இங்க்தான். ஹெச்பியின் லேடெக்ஸ் மெஷினும் இந்த வகைதான், அதன் இங்க்கும் நீரை ஆதாரமாகக் கொண்டதே. இன்னொன்று பீசோ. மின்சாரம் கொடுத்தால் வளையும் ஒரு செராமிக் பொருள், லெட் சிர்கோனேட் டைட்டனேட், இங்க் அறையை அமுக்கித் துளியைத் தள்ளும். எப்சன், கோனிகா மினோல்டா, சீகோ, ரிக்கோ, சார் (Xaar) கம்பெனிகளின் இந்த ஹெட்டுகள் எல்லாம் பீசோ. இங்கே இங்க் கொதிக்க வேண்டியதில்லை என்பதால் சால்வென்ட் (கரைப்பான் கலந்தது), இகோ சால்வென்ட் (அதிலேயே கடுமை குறைந்தது), யுவி (புற ஊதா விளக்கில் இறுகுவது), சப்ளிமேஷன் (சூட்டில் துணிக்கு ஏறுவது) என்று பல வகை இங்க் ஓட்ட முடிகிறது. முடிகிறது என்றால் எல்லா பீசோ ஹெட்டும் எல்லா இங்க்கையும் தாங்கும் என்று அர்த்தமில்லை. பெரும்பாலான கோளாறு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

நம் ஊர் ஃப்ளெக்ஸ் கடைகளில் அதிகம் பார்ப்பது கோனிகா 512 குடும்பம். 512 நாசில், இரண்டு வரிசை. ஒரு துளி 14, 30 அல்லது 42 பிகோலிட்டர் (ஒரு லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு ஒரு பிகோலிட்டர்) என்று மாடலுக்கு மாடல் மாறும். இவை சைக்ளோஹெக்சனோன் போன்ற கடுமையான சால்வென்ட் கலந்த இங்க்கைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. வேலை செய்யும் சூட்டில் இங்க்கின் பிசுக்கு, அதாவது ஓடாமல் தடுக்கும் தன்மை, 10 சென்டிபாய்ஸை ஒட்டி இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் ஹெட் அது. எப்சனின் டிஎக்ஸ்5, எக்ஸ்பி600 போன்றவை எதிர்பார்ப்பது சுமார் 3 முதல் 5 தான். தண்ணீரின் பிசுக்கு ஏறக்குறைய 1. கோனிகாவுக்கான இங்க்கை எப்சன் ஹெட் தள்ளத் திணறும். எப்சனுக்கான நீர்த்த இங்க்கை கோனிகாவில் ஊற்றினால் நாசில் முகத்தில் வழிந்து, துளி சிதறி, எழுத்தின் ஓரமெல்லாம் தூவல் அடிக்கும்.

பிசுக்கு மாறினால் பிரிண்ட்தான் கெடும். சால்வென்ட் மாறினால் ஹெட்டே கெடும். எப்சன் ஹெட்டுக்குள் அடுக்கடுக்கான மெல்லிய தகடுகள் பசையால் ஒட்டப்பட்டிருக்கின்றன. கடுமையான சால்வென்ட் இங்க் அந்தப் பசையை மெதுவாக இளக்கும். முதல் வாரம் ஒன்றும் தெரியாது, பிரிண்ட் அருமையாக வரும். அப்புறம் ஒரு நாள் மஞ்சள் சானலில் மெஜந்தா கலந்து வரும், அல்லது நாசில்கள் கும்பலாகக் காணாமல் போகும். அதற்குப் பிறகு எத்தனை முறை கிளீனிங் கொடுத்தாலும் திரும்பாது. ஒரு வாரம் நன்றாக ஓடியது என்பதை வைத்து இங்க் பொருந்திவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

எப்சனின் ஐ3200 ஹெட் இதற்கு நல்ல உதாரணம். 3200 நாசில், நான்கு கலர் வரை ஓட்டலாம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இந்த ஹெட் ஏ1, இ1, யு1 என்று தனித்தனியாக வருகிறது. ஏ1 நீர் இங்க்குக்கு, இ1 இகோ சால்வென்ட்டுக்கு, யு1 யுவிக்கு. ஹெட் செய்த கம்பெனியே இங்க்கை வைத்து ஹெட்டைப் பிரித்திருக்கிறது. விலை கொஞ்சம் சாதகமாக இருக்கிறது என்று ஏ1 ஹெட்டை வாங்கி இகோ சால்வென்ட் மெஷினில் போடுவது சந்தையில் நடக்கிறது. அது எத்தனை மாதம் நிற்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள். உங்கள் ஹெட்டின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணை ஒரு முறை போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். இங்க் கேட்கும்போது அந்தப் படத்தை அனுப்புங்கள். மெஷின் பெயரைவிட அது நூறு மடங்கு பயன்படும்.

பாட்டிலின் மேல் "கோனிகா 512i, 30 பிகோலிட்டர்" என்று போட்டிருந்தால் அந்தத் துளி அளவையும் பொருட்படுத்த வேண்டும். 42 பிகோலிட்டர் ஹெட்டுக்கான இங்க் சீக்கிரம் காயும்படி செய்யப்பட்டிருக்கும். அதையே 14 பிகோலிட்டர் ஹெட்டில் ஓட்டினால் சின்ன நாசிலின் வாயிலேயே காய ஆரம்பிக்கும். நிறமித் துகள் ஒரு மைக்ரானுக்கும் கீழே அரைக்கப்பட்டிருக்க வேண்டும். நாசில் துளை சில பத்து மைக்ரான்தான். துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியானால் அந்தத் துளைக்கு வழியில்லை.

அடுத்தது இங்க் எதன் மேல் விழுகிறது என்பது. ஃப்ளெக்ஸ் என்பது நூல் வலைமேல் பிவிசி பூசிய துணி. சால்வென்ட் இங்க் அந்த பிவிசியின் மேல்தோலைச் சிறிது கரைத்து உள்ளே கடித்துக்கொள்கிறது. சால்வென்ட் ஆவியானதும் பிசினும் நிறமியும் அங்கேயே தங்கிவிடும். மழையில் கழுவினாலும் போகாததற்கு அதுதான் காரணம். இகோ சால்வென்ட் மெதுவாகக் கடிப்பது, வாசனையும் குறைவு. அதற்கு மெஷினில் முன், நடு, பின் ஹீட்டர்கள் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். ஹீட்டர் பழுதாகிக் கிடக்கும் மெஷினில் இகோ சால்வென்ட் ஓட்டிவிட்டு, இங்க் ஒட்டவில்லை என்று இங்க்கைக் குறை சொல்வதில் நியாயமில்லை. வினைல், ஒன்வே விஷன் போன்றவற்றுக்கு இகோ சால்வென்ட்டின் நுணுக்கம் அழகாக வரும். லேமினேஷன் போடுவதானால் நன்றாக ஆவி போகும்வரை விட வேண்டும், குறைந்தது ஒரு நாள். அவசரப்பட்டு லேமினேட் செய்த வினைல் சில நாளில் ஓரம் சுருண்டு எழும்.

கடையில் ஏற்கெனவே சால்வென்ட் மெஷின் இருக்க, யுவிக்குப் போக நினைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். யுவி இங்க் ஆவியாகிக் காய்வதில்லை; விளக்கு பட்டதும் இறுகுகிறது. விளக்கின் அலைநீளமும் இங்க்கில் இருக்கும் ஒளித்தூண்டியும் ஒத்துப்போக வேண்டும். எல்இடி விளக்கு 365, 385, 395, 405 நானோமீட்டர் என்று வெவ்வேறாக வருகிறது. மெர்க்குரி விளக்குக்கான இங்க்கை 395 எல்இடி மெஷினில் ஊற்றினால் மேலே காய்ந்தது போலத் தெரியும், நகத்தால் சுரண்டினால் பிசுபிசுக்கும். வளையும் பொருளுக்கு மென்மையான யுவி, அக்ரிலிக், கண்ணாடி, டைலுக்குக் கெட்டியான யுவி என்று தனித்தனி இங்க் உண்டு. கெட்டி இங்க்கில் ஃப்ளெக்ஸ் அடித்து மடித்தால் வெடித்து உதிரும்.

நெடுஞ்சாலை ஓரம் பழைய பேனர்களைக் கவனித்திருப்பீர்கள். சென்னை சாலையிலும் பெங்களூரு சாலையிலும் ஒரு கோடையைத் தாண்டிய பேனர்களில் முகமெல்லாம் நீலமாகியிருக்கும். மஞ்சள், மெஜந்தா நிறமிகள் வெயிலுக்கு முதலில் தோற்பவை. சயானுக்குப் பயன்படும் தாலோசயனின் நிறமியும் கறுப்புக்கான கார்பனும் நின்றுவிடும். எல்லாக் கம்பெனி இங்க்கிலும் இது நடக்கும், ஆனால் வேகம் மாறும். மஞ்சளிலும் மெஜந்தாவிலும் போடும் நிறமியின் தரத்தில்தான் மலிவு இங்க் பெரும்பாலும் மிச்சம் பிடிக்கிறது. பத்து நாள் திருவிழா பேனருக்கு அது போதும். இரண்டு வருடம் நிற்க வேண்டிய கடை போர்டுக்குப் போதாது. வாங்கும் இங்க்கில் ஒரு துண்டு கலர் பட்டை அடித்து, பாதியை மூடி மொட்டை மாடியில் ஒரு மாதம் வெயிலில் போட்டுப் பாருங்கள். எந்த விளம்பரத் தாளும் சொல்லாததை அது சொல்லும்.

இனி கலப்பு. இதைத்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன், ஏனென்றால் ஹெட் சாவதற்குத் தவறான இங்க்கைவிட இரண்டு சரியான இங்க்குகள் கலந்ததுதான் பல நேரங்களில் காரணமாக இருக்கிறது.

நடப்பது இப்படித்தான். ஆடிப்பெருக்கு சமயம். ஒகேனக்கல், தென்பெண்ணைக் கரை, ஊர்க் கோயில்கள் என்று எல்லாப் பக்கமும் பேனர் கேட்கிறார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு மெஜந்தா தீர்ந்துவிடுகிறது. பார்சல் நாளை மதியம்தான் வரும். பக்கத்துக் கடைக்காரர் நல்ல மனசோடு தன்னிடமிருக்கும் அரை லிட்டரைத் தருகிறார். அவரும் கோனிகா, நாமும் கோனிகா, அதுவும் சால்வென்ட், இதுவும் சால்வென்ட். டேங்கில் ஊற்றுகிறோம்.

இங்க்கில் நிறமித் துகள்கள் தாமாக மிதப்பதில்லை. ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளி நிறுத்த ஒவ்வொரு கம்பெனியும் ஒரு சேர்மானத்தைப் போடுகிறது. அந்தச் சேர்மானம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, பிசினும் வேறு. தனித்தனியாக இரண்டும் அருமையான இங்க்காக இருக்கலாம். சேர்த்ததும் ஒன்றின் சேர்மானத்தை மற்றதன் சால்வென்ட் உரித்துவிட, பாலில் எலுமிச்சை பிழிந்தது போலத் துகள்கள் திரிந்து கட்டிகட்டியாகும். அது டேங்கில் கண்ணுக்குத் தெரியாது. முதலில் ஃபில்டரில் சிக்கும். இங்க் வரத்து குறைந்து, பெரிய பகுதியை அடிக்கும்போது பாதியில் வெளுத்துப் போகும். டேம்பரை (ஹெட்டுக்கு முன்னால் இங்க்கை வடிகட்டும் சின்னப் பெட்டியை) மாற்றுவீர்கள், இரண்டு நாள் சரியாகும். அதற்குள் மெல்லிய கட்டிகள் ஹெட்டின் உள்ஃபில்டரை அடைந்திருக்கும். அது கழற்றி மாற்றக்கூடிய இடமில்லை.

கலக்க வேண்டிய கட்டாயம் வந்தால் முன்கூட்டியே செய்து வைக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. சுத்தமான கண்ணாடிச் சீசாவில் இரண்டு இங்க்கையும் பாதிப்பாதி ஊற்றுங்கள். ஒவ்வொன்றையும் தனியாகவும் ஒரு சீசாவில் வையுங்கள். மூடி, வெதுவெதுப்பான இடத்தில் சில நாள் விட்டு, சீசாவைச் சாய்த்துப் பாருங்கள். கலந்த சீசாவின் சுவரில் மணல் போலப் பொடி ஒட்டியிருந்தாலோ, அடியில் கூழ் தங்கியிருந்தாலோ அந்த இரண்டையும் ஒரு நாளும் சேர்க்கக் கூடாது. ஒன்றும் இல்லாவிட்டாலும் நூறு சதவீதம் உத்தரவாதம் ஆகிவிடாது. ஆனால் சோதனையில் இங்க் திரிந்து காட்டினால், அது கட்டாயம் உங்கள் ஹெட்டைக் காப்பாற்றியிருக்கும். பக்கத்துக் கடையோடு நல்லுறவு இருந்தால் இருவரும் ஒரே இங்க்கை வாங்கிவிடுவது இதைவிட நல்லது. சேர்ந்து வாங்கினால் விலையிலும் பேசலாம்.

கம்பெனியை மாற்றியே தீர வேண்டும் என்றால் வேலை குறைந்த மார்கழியில் மாற்றுங்கள். பழைய இங்க்கை ஓட்டித் தீர்த்து, சப் டேங்கை வடித்து, ஃபில்டரையும் டேம்பரையும் கழற்றிவிட்டு, அந்த இங்க் வகைக்கான ஃப்ளஷ்ஷை (கழுவும் திரவத்தை) ஓட விட்டு, டியூபில் வண்ணம் தெளிந்த பிறகு புது ஃபில்டர் போட்டுப் புது இங்க்கை நிரப்ப வேண்டும். நீர் இங்க்குக்கான ஃப்ளஷ்ஷை சால்வென்ட் வழியில் விடவே கூடாது; பிசின் அங்கேயே உறைந்துவிடும். முதலில் ஒரே ஒரு கலரை மட்டும் மாற்றிப் பார்ப்போமே என்று சிலர் சொல்வார்கள். கோனிகா மெஷினில் ஒரு ஹெட்டுக்கு ஒரு கலர் என்பதால் அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, கெட்டால் ஒரு ஹெட்டோடு போகும். எக்ஸ்பி600, டிஎக்ஸ்5 மெஷின்களில் எல்லாக் கலரும் ஒரே ஹெட்டில் ஓடுகின்றன. ஹெட்டை மூடும் கேப்பிங்கிலும், அதைத் துடைக்கும் வைப்பரிலும் எல்லா இங்க்கும் ஒன்றாகச் சேரும். மூன்று கலர் பழையது, ஒரு கலர் புதியது என்று வைத்தால் கேப்பிலேயே திரிந்து, அந்தக் கூழ் எல்லா நாசிலுக்கும் பூசப்படும். அங்கே மாற்றினால் மொத்தமாக மாற்றுவதுதான் சரி.

டியூபும் ஓ-ரிங்கும் கூட இங்க்கைத் தாங்க வேண்டும். எந்த டியூபும் எந்த சால்வென்ட்டுக்கும் போதும் என்று நினைப்பது தவறு. புது இங்க்கில் ஒரு துண்டு டியூபையும் ஒரு ஓ-ரிங்கையும் ஒரு வாரம் ஊறப்போட்டு, உப்பியிருக்கிறதா, கெட்டியாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், தருமபுரி அதில் ஏறக்குறைய பாதி. மார்கழிக் காலையில் ஓசூரில் இங்க் கெட்டியாகிப் பத்து மணி வரை நாசில் மிஸ்ஸிங் காட்டும். சித்திரையில் தருமபுரியில் தகரக் கூரைக்குக் கீழே அதே இங்க் நீர்த்து வழியும். ஹெட்டில் ஹீட்டர் இருந்தால் குளிரைச் சமாளித்துவிடலாம், வெயிலைச் சமாளிக்க அறையைக் குளிர்விப்பதைத் தவிர வழியில்லை. ஓசூர்க்காரர் புகழ்ந்தார் என்று வாங்கிய இங்க் தருமபுரியில் சரியாக வரவில்லை என்றால் இங்க்கைக் குறை சொல்லும் முன் அறைச் சூட்டையும், ஹெட்டுக்குக் கொடுக்கும் வோல்டேஜ், வேவ்ஃபார்ம் (மின்துடிப்பின் வடிவம்) அமைப்பையும் பாருங்கள். இங்க் மாறும்போது வேவ்ஃபார்ம் எது என்று சப்ளையரிடம் கேட்க வேண்டும். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குவதே நல்லது. கலர் ப்ரொஃபைலும் அப்படியே. இங்க் மாறியும், படத்தை மெஷினுக்குத் தயார் செய்யும் ரிப் சாஃப்ட்வேரில் பழைய ப்ரொஃபைல் இருந்தால் கட்சிக்கொடியின் சிவப்பு ஆரஞ்சாகிப் பேனர் திரும்பி வரும்.

பணக் கணக்கைப் பார்ப்போம். 360 டிபிஐயில் (அங்குலத்துக்கு 360 புள்ளிகள்) ஒரு சதுர அங்குலத்தில் 1,29,600 புள்ளிகள். ஒரு சதுர அடிக்கு சுமார் 1 கோடியே 87 லட்சம். துளி 42 பிகோலிட்டர் என்றால், ஒரு கலரில் முழுக்க நிரப்பினாலும் 0.78 மில்லி. கலர்கள் கலந்து சராசரியாக சதுர அடிக்கு 1 மில்லி என்று வைத்துக்கொண்டால் ஒரு லிட்டரில் 1,000 சதுர அடி. லிட்டருக்கு 100 ரூபாய் குறைவான இங்க் வாங்கினால் சதுர அடிக்கு மிச்சம் 10 பைசா. ஹெட் விலை பத்தாயிரக்கணக்கில் இருக்கும். 60,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஒரு ஹெட்டின் விலையை 10 பைசா மிச்சத்தில் ஈடுகட்ட 6 லட்சம் சதுர அடி அடிக்க வேண்டும். பத்துக்கு இருபது அடி போர்டு என்றால் 3,000 போர்டு. கம்பெனி இங்க்கைத்தான் வாங்க வேண்டும் என்று இதற்காக நான் சொல்லவில்லை. வெளி இங்க்கில் வருடக்கணக்காக ஒரே ஹெட்டை ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது ஒன்றுதான்: ஹெட்டுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்து, அதையே விடாமல் வாங்குகிறார்கள், பாட்டிலின் பேட்ச் எண்ணையும் தேதியையும் குறித்து வைக்கிறார்கள். மெஷின் வாரன்டியில் இருந்தால் மட்டும் வெளி இங்க் ஊற்றும் முன் வாரன்டித் தாளைப் படித்துவிடுங்கள்.

கட்டட வரைபடம் எடுக்கும் பிளாட்டர் வைத்திருப்பவர்களுக்கு வேறு விதமான எச்சரிக்கை. ஹெச்பியின் 711 இங்க் போடும் பிளாட்டர்களில் கறுப்பு மட்டும் நிறமி இங்க் (கரையாத துகள்), மற்ற மூன்றும் சாய இங்க் (நீரில் கரைவது). மலிவான ரீஃபில்லில் கறுப்பிலும் சாயத்தை ஊற்றினால் கோடுகள் தாளில் கசிந்து பரவும், ஈரக் கை பட்டால் கலையும். நீர் இங்க் ஓடும் எந்த மெஷினாக இருந்தாலும் கேப்பிங், வைப்பர் துடைக்கக் கிணற்று நீரோ போர்வெல் நீரோ வேண்டாம். நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் நிலத்தடி நீர் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். ஃப்ளோரைடுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஹெட்டுக்கு ஃப்ளோரைடைவிட நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பு உப்புத்தான் எதிரி. காய்ந்ததும் நாசில் வாயில் வெள்ளையாகப் படியும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்ட் வாட்டர் போதும், விலையும் குறைவு.

கடைசியாக, இங்க்கை வைக்கும் இடம். சைக்ளோஹெக்சனோன் தீப்பற்றக்கூடிய ஆவியை விட ஆரம்பிக்கும் வெப்பநிலை சுமார் 44 டிகிரி. கோடை மதியத்தில் தகர ஷெட்டுக்குள் அந்தச் சூடு சாதாரணமாக வந்துவிடும். ஃப்ளெக்ஸ் ஓரம் ஒட்டும் ஹீட் கன், ஃப்ரேம் வெல்டிங், சாம்பிராணி எல்லாமே அதே அறையில் நடக்கும் கடைகள் இருக்கின்றன. வெல்டிங்கை வெளியே கொண்டுபோங்கள், இங்க் பாட்டில்களை வெயில் படாத தனி அறையில் மூடி வையுங்கள், ஆவியை வெளியே இழுக்க எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள். ராத்திரி முழுக்க மெஷின் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுக்கும் ஆபரேட்டர் பையன் அந்தக் காற்றைத்தான் விடியும்வரை சுவாசிக்கிறான். அவனுக்குப் படுக்க வேறு இடம் கொடுக்க வேண்டும்.